நெருப்புக்கு ஏற்ற இலை

விருதுநகர் பஜாரில் எங்கள் தாத்தா காலத்திலிருந்து புகையிலைக் கடை. திண்டுக்கல், வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கத்து இலை சிப்பம் சிப்பமாக வந்து இறங்கும். சாத்தூர், திருத்தங்கல், சிவகாசி, வெம்பக்கோட்டைச் சில்லறைக் கடைக்காரர்கள் வந்து பிரித்து வாங்கிப் போவார்கள். அவர்கள் கொண்டுபோவதில் பெரும்பங்கு வெற்றிலையோடு போடுகிற இலைதான். பட்டாசு ஆபீஸ் வாசலிலேயே பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டுத்தான் ஆளை உள்ளே விடுவார்கள். மருந்து கலக்கும் வளாகத்துக்குள் நெருப்பு ஆகாது என்று சட்டம் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அந்த மண்ணில் பிறந்தவனுக்கு அது தெரியும். அதனால் பகலில் வாயில் அடக்குகிற புகையிலை. சாயங்காலம் ஊர் திரும்பி, கைகால் கழுவிய பிறகு ஒரு பீடியோ சுருட்டோ. மெல்லுவதற்கு ஒரு இலை, கொளுத்துவதற்கு வேறு இலை. இரண்டையும் பிரித்தறியத் தெரியாதவன் இந்த வியாபாரத்தில் நிற்க முடியாது.

நான் எழுத வந்தது மூன்றாவது ஒன்றைப் பற்றி: பைப்பில் வைத்துப் புகைக்கும் கலவை. எங்கள் வட்டாரத்தில் அதற்கு ஆள் குறைவு. எண்பதுகளில் சிவகாசியில் லித்தோ பிரஸ் வைத்திருந்த ஒரு அண்ணாச்சிக்கு அந்தப் பழக்கம் இருந்தது. மெஷின் வாங்க ஜெர்மனிக்குப் போய் வந்தபோது தொற்றிக்கொண்டது. வெளிநாட்டுச் சரக்கு லேசில் கிடைக்காத காலம். யாராவது ஊருக்கு வரும்போது பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தால்தான் ஒரு டின் பார்க்கலாம். அவர் குடியிருந்தது விருதுநகரில். சிவகாசிக்கு ஆமத்தூர், திருத்தங்கல் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர் சொச்சம். பைப்பை வீட்டை விட்டு வெளியே எடுக்கவே மாட்டார். பிரஸ்ஸில் கட்டுக்கட்டாகக் காகிதம். நாலு வீடு தள்ளினால் யாரோ ஒருவருடைய வெடிக் கிட்டங்கி.

டின் தீர்ந்துபோன சமயத்தில் கடைக்கு வந்து அப்பாவிடம் கேட்டார்: "அண்ணாச்சி, அதுவும் இலை, இதுவும் இலை. நம்ம சரக்குலயே இது மாதிரி ஒண்ணு சேத்துத் தர ஏலாதா?"

அப்பா காலி டின்னை வாங்கி முகர்ந்து பார்த்தார். "மணத்தைக் கொண்டாந்துரலாம் அண்ணாச்சி. ஒழுங்கா எரியணும்லா, அதுதான் பாடு."

அடுத்த சில வருஷங்கள் நான் அந்தப் பாட்டைத்தான் பட்டேன். அப்பா வழி சொல்லுவார். இலையைக் கிழித்து, நனைத்து, அடுக்கி, அரிந்து பார்ப்பது என் வேலை. புகையிலையின் ருசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் மணத்தில் ஆரம்பிப்பார்கள். தேன் வாசம், அத்திப்பழ வாசம், தோல் வாசம் என்று அடுக்குவார்கள். என் அனுபவத்தில் ருசி என்பது இலை எரியும் விதம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

வேடசந்தூர்ப் பக்கம் மெல்லும் புகையிலை போடுகிற சம்சாரிகள் கிணற்றில் உப்புத் தண்ணீர் ஊறினால் வருத்தப்பட மாட்டார்கள். நாற்று வேர் பிடிக்கும்வரை நல்ல தண்ணீர் விடுவார்கள். அப்புறம் உப்புத் தண்ணீர். அப்படி வளர்ந்த இலை தடிப்பாகவும் பிசுபிசுப்பாகவும் வரும். பதமான பிறகு மேலே வெள்ளையாகப் பூக்கும். வியாபாரி அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் விலை பேசுவான். வாயில் அடக்கினால் காரம் நின்று பேசும். அதே இலையைச் சுருட்டாகச் சுற்றிப் பற்றவைத்துப் பாருங்கள், ரெண்டு இழுப்பில் அணைந்துவிடும். தண்ணீரோடு ஏறிய குளோரைடு இலையை எரியவிடாது. காய்ந்த இலையில் அது 2 சதவீதத்தைத் தாண்டினால் கங்கு நிற்பது கஷ்டம். வேடசந்தூரில் 1948-லேயே புகையிலைக்கு ஆராய்ச்சி நிலையம் வந்துவிட்டது. மண்ணையும் தண்ணீரையும் பார்க்காமல் சுருட்டு இலை போடக்கூடாது என்பது அந்த வட்டாரத்தில் படித்தவருக்கும் படிக்காதவருக்கும் தெரிந்த சங்கதி.

பொட்டாசியம் இதற்கு நேர் எதிர். இலையில் அது நிறைந்திருந்தால் தணல் விடாமல் நகரும். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை ரொம்ப விளக்க வேண்டியதில்லை. கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். அந்த வெடியுப்பு பொட்டாசியம் நைட்ரேட்தான். திரி வழியில் அணையாமல் ஓடுவது அதன் தயவு. திரியில் வெடியுப்பே ஆக்சிஜனைக் கொடுத்துவிடுகிறது. இலைக்கு அந்த வசதி இல்லை, காற்றைத்தான் நம்ப வேண்டும். இலைக்குள் இயல்பாக ஊறியிருக்கிற பொட்டாசிய உப்புகள் தழல் பிடிக்காமல் தணலாகவே நின்று எரிய உதவுகின்றன. மட்டமான சுருட்டு இலையில் வெடியுப்புத் தண்ணீர் தெளித்து எரியவைக்கிறவர்களும் உண்டு. எரியும், சந்தேகமில்லை. ஆனால் பொறி தெறிக்கும், புகை சுள்ளென்று நாக்கில் ஏறும். அப்பா அதைக் கடைக்குள் அண்டவிடவில்லை. பொறி தெறிக்கிற சுருட்டை சிவகாசிச் சாலையில் விற்பது பாவம் என்பார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

இலையை எப்படிச் சோதிப்பது? கடைக்குப் பின்னால் திறந்த முற்றம் ஒன்று உண்டு. சிப்பத்தின் நடுவிலிருந்து ஒரு இலையை உருவி, லேசாக ஈரம் காட்டி, உள்ளங்கையில் விரித்துக்கொள்ள வேண்டும். நடு நரம்புக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட இடத்தில், பக்க நரம்பு எதுவும் குறுக்கே வராமல் பார்த்து, எரிகிற ஊதுபத்தியின் முனையை வைக்க வேண்டும். துளை விழுந்ததும் பத்தியை எடுத்துவிட வேண்டும். ஊதக்கூடாது. துளையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு வட்டமாக அகலும். நல்ல சுருட்டு இலையில் அந்த வட்டம் கோணாமல் விரிந்துகொண்டே போகும், பின்னால் வெளிறிய சாம்பலை விட்டுக்கொண்டு. உப்புத் தண்ணீர் குடித்த இலையில் கோடு சட்டென்று கறுக்கும், ஓரம் சுருளும், கரிவளையமாக நின்றுவிடும். அந்தக் கரிவளையம்தான் கசப்பு. வாய் வைத்துப் பார்க்கவே வேண்டாம். அணைந்துவிடுமோ என்று புகைப்பவன் வேகமாக இழுப்பான். இழுக்க இழுக்கச் சூடு ஏறும். சூட்டில் இலையின் இனிப்பு கருகும், நாக்கு பொள்ளும். இலை சரியில்லை என்று அவன் சொல்லமாட்டான், ருசி சரியில்லை என்பான்.

சாம்பலைப் பற்றி ஒரு வார்த்தை. 1887-ல் வெளிவந்த ஷெர்லக் ஹோம்ஸின் முதல் கதையில், கொலைகாரன் புகைத்தது திருச்சிராப்பள்ளிச் சுருட்டு என்பதைச் சாம்பலை வைத்தே அவர் கண்டுபிடிக்கிறார். கருத்த நிறம், செதில் செதிலாக உதிரும் தன்மை. திருச்சி, உறையூர்ச் சுருட்டுகளுக்கு இலை பெரும்பாலும் திண்டுக்கல் பக்கத்திலிருந்துதான் போயிற்று. லண்டன் வரை பேர் போன அந்தச் சாம்பலை எங்கள் முற்றத்தில் நாங்கள் தினமும் பார்த்தோம். கருஞ்சாம்பல் வந்தாலே இலை கெட்டது என்று ஆகாது. கங்கு சீராக நகர்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாம்பலின் நிறத்துக்கு வரவேண்டும்.

கலவைக்கு வருகிறேன். பைப் புகையிலைக்கு அடித்தளம் வர்ஜீனியா இலை. குண்டூர்த் தரகர் ஒருவர் மூலம் வரவழைத்தோம். சூட்டுக் குழாய் ஓடும் கொட்டகையில் ஒரு வாரத்துக்குள் உலர்த்துகிறார்கள் என்பதால் இலையின் சர்க்கரை அப்படியே தங்கிவிடும். எலுமிச்சை நிறம், வைக்கோலும் தேனும் கலந்த வாசம். அதன் புகையில் லேசான புளிப்புத்தன்மை உண்டு. அதனால் வாய்க்குள் காட்டம் அவ்வளவாகத் தெரியாது. தனியாகப் புகைத்தால் முதலில் இனிக்கும். போகப்போக நாக்கு நுனியில் ஊசி குத்துவது போல இருக்கும். சர்க்கரை உள்ள இலை சூடாக எரியும், அதுதான் வினை.

எங்கள் பக்கத்துக் கறுப்பு இலை வேறு குணம். வட்டக்கப்பல், ஊசிக்கப்பல், கருங்கப்பல் என்று சுருட்டுக்கான ரகங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நடுவார்கள். பூ வராமல் நுனி கிள்ளி, பக்கக் கிளையை ஒடித்து, இலைக்கே சத்து போகும்படி வளர்த்து, மாசி, பங்குனியில் செடியோடு வெட்டுவார்கள். வெயிலிலும் நிழலிலும் வாரக்கணக்கில் காய்வதால் சர்க்கரை முழுக்கச் செலவாகிவிடும். புகையில் காரத்தன்மை. வாயில் வைத்திருந்தாலே காட்டம் ரத்தத்தில் ஏறும். நெஞ்சுக்குள் இழுக்க வேண்டியதே இல்லை. சுருட்டுக்காரர் கன்னத்தில் புகையை நிறுத்தி விடுவது அதனால்தான். இந்த இலையின் கங்கு நிதானமாகப் போகும். வர்ஜீனியாவின் அவசரத்தை அடக்க இதைவிட நல்ல துணை கிடையாது.

ஆனால் புழுங்காத கறுப்பு இலையைக் கலவையில் சேர்த்தால் தொண்டை கமறும். காய்ந்த இலையை லேசான ஈரத்தோடு அடுக்கி, சாக்குப் போட்டு மூடி வைத்தால் அடுக்கு தானாகச் சூடேறும். அப்பா முழங்கை வரை கையை அடுக்குக்குள் விடுவார். கை தாங்காத சூடு வந்தால் அன்றே பிரிக்க வேண்டும்; உள்ளே இருந்ததை வெளியிலும் வெளியே இருந்ததை உள்ளேயும் வைத்து மறுபடி அடுக்க வேண்டும். வெப்பமானி வாங்கிய பிறகு பார்த்தேன், 50 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான் அப்பாவின் கை வெளியே வந்தது. முதல் முறை பிரிக்கும்போது கண்ணைக் கரிக்கும் அம்மோனியா நெடி அடிக்கும். பிரித்து அடுக்க அடுக்க நெடி குறையும். நெடி அடங்கி, ஈரமண்ணும் பழைய வெல்லமும் சேர்ந்தது போன்ற வாசம் வந்தால் இலை தயார். வியாபாரத்தில் பணமுடை வந்தால் முதலில் வெட்டப்படுவது இந்தக் காத்திருப்புதான். சந்தையில் கிடைக்கும் சுருட்டுகளில் பாதி தொண்டையைப் பிடிப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மூன்றாவது சரக்கு, புகைபோட்ட இலை. வெளிநாட்டுக் கலவைகளில் லட்டாகியா என்று ஒன்று வரும். சிரியாவின் துறைமுகப் பட்டினத்தின் பெயர் அது. பிற்பாடு சைப்ரஸிலும் செய்தார்கள். சின்ன இலைகளைப் பைன், ஓக் விறகுப் புகையில் கறுக்கும்வரை வைத்திருப்பார்கள். அண்ணாச்சியின் டின்னில் வீசியது அந்த வாசம். அதற்கு நாங்கள் எங்கே போவது? அப்பாவுக்கு யாழ்ப்பாணம் புகையிலை ஞாபகம் வந்தது. அங்கே தேங்காய் மட்டையை மூட்டிப் புகைக் கொட்டகையில் இலையைப் பதம் செய்வார்கள். திருவிதாங்கூருக்குப் படகு படகாக ஏற்றுமதியான சரக்கு. அதே முறையில் புகைபோட்ட இலையைக் கேரளத்துக்கு அனுப்பும் வியாபாரி ஒருவரிடமிருந்து கொஞ்சம் வாங்கினோம். லட்டாகியா மாதிரி அது இருக்கவில்லை. தேங்காய் மட்டைப் புகையில் ஒரு எண்ணெய்க் கனம் உண்டு. கொல்லைப்புறத்தில் வெந்நீர் அடுப்பு எரிகிற வாசம். எனக்கு அது லட்டாகியாவைவிட நெருக்கமாகப் பட்டது. மெல்லும் இலையாக வளர்ந்தது என்பதால் அது நன்றாக எரியவில்லை. எட்டில் ஒரு பங்குக்கு மேல் போனால் கலவை முழுதும் அணையப் பார்க்கும்.

வர்ஜீனியா ஐந்து பங்கு, வட்டக்கப்பல் இரண்டு, புகைபோட்டது ஒன்று. கடைசியில் நின்ற கணக்கு இது. கறுப்பு இலைக்கு மட்டும் உடன்குடிக் கருப்பட்டியைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, தெளித்துப் புரட்டினோம். சர்க்கரையில்லாத இலைக்குக் கொஞ்சம் சர்க்கரை கொடுத்தால் புகையின் காரத்தன்மை தணியும். கருப்பட்டியின் வாசத்துக்காகச் செய்வதில்லை. கலவை நாக்கில் கருப்பட்டியாகத் தெரிந்தால் அதிகமாகிவிட்டது என்று அர்த்தம்.

வர்ஜீனியாவை அழுத்திக் கட்டியாக்கியதில்தான் அண்ணாச்சியின் தொழில் எங்களுக்கு உதவியது. புத்தகம் பைண்ட் செய்யும் பழைய திருகுப் பிரஸ் ஒன்றை அனுப்பிவைத்தார். நீராவி காட்டிய இலைகளைப் பலகைக்கு நடுவே அடுக்கி, நாளுக்கொரு திருகு இறுக்கி, வாரக்கணக்கில் விட்டோம். எலுமிச்சை நிறம் செம்மண் நிறமாக மாறி, வைக்கோல் வாசம் போய் உலர்ந்த திராட்சை வாசம் வந்தது. பிரஸ்ஸில் காகிதம் வெட்டும் மெஷினிலேயே அரியலாம் என்றார். மெஷின் எண்ணெயும் மையும் இலையில் ஏறும், வேண்டாம் என்று அப்பா மறுத்துவிட்டார். கட்டியைக் கத்தியால் அரை விரல் பருமனுக்கும் குறைவாகச் சீவி, விரலால் உதிர்ப்போம். பொடியாக அரிந்தால் சூடாக எரியும். தடிப்பாக விட்டால் பற்றாது. இந்த ஒரு விஷயத்தில் கைப்பழக்கம் தவிர வேறு வழி தெரியவில்லை.

புகையிலை அக்கம்பக்கத்து வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். விருதுநகர் பஜாரில் பக்கத்துக் கிட்டங்கி வத்தல், எதிர்க் கிட்டங்கி மல்லி. திறந்து வைத்த கலவை ஒரே ராத்திரியில் வத்தல் நெடி ஏறி, பற்றவைத்தால் இருமல் வரும். அதனால் கலவையைக் கடையில் வைக்காமல் வீட்டில் பீங்கான் ஜாடியில் வைத்தோம். ஈரப்பதம் இன்னொரு போராட்டம். பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் இந்தக் கரிசல் பூமி ஏற்றதாக ஆனதே காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான். அதே காற்று புகையிலையைச் சருகாக்கும். சித்திரையில் இலையைத் தொட்டால் நொறுங்கும். பைப்புக்கு நூற்றுக்குப் பதினைந்து பங்கு ஈரம் இருந்தால் நல்லது. விரலால் அழுத்தினால் உருண்டையாக ஒட்டவும் கூடாது, பொடியாக உதிரவும் கூடாது. அழுத்தி விட்டால் மெல்ல விரிய வேண்டும். இலையைக் கையாள்கிற வேலை எல்லாம் விடியற்காலையில்தான். அதே நேரத்தில் சிவகாசியில் மருந்து கலக்கிறவர்களும் வெயிலுக்கு முன்னால் கலந்து முடிக்கப் போய்க்கொண்டிருப்பார்கள்.

அண்ணாச்சி வீட்டுத் திண்ணையில் அந்தக் கலவை எரிந்த விதத்தைச் சொல்கிறேன். முதல் தீக்குச்சிக்கு மேல்பரப்பு மட்டும் கருகி எழும்பும். அதை மெல்ல அமுக்கிவிட்டு இரண்டாவது குச்சி. ஆரம்பத்தில் முன்வருவது புகைபோட்ட இலை. அடுப்படி வாசம், லேசான உப்பு. கொஞ்ச நேரத்தில் அது பின்வாங்கி வர்ஜீனியாவின் திராட்சை இனிப்பு மேல்நாக்கில் பரவும். கிண்ணம் பாதிக்கு வரும்போது கறுப்பு இலை தன் வேலையைக் காட்டும்: காப்பியில் சிக்கரி சேர்ந்தது போல ஒரு கனம், அடிநாக்கில் துவர்ப்பு, கன்னத்தில் மிளகுச் சூடு. இந்த நடுப்பகுதியை நிதானமாக இழுத்தால் பைப்பைக் கையில் பிடிக்க முடியும். பிடிக்க முடியாத சூடு வந்தால் கலவையைக் குறை சொல்லாமல் கீழே வைத்துவிட வேண்டும். கடைசி மூன்றில் ஒரு பங்கில் மேலே எரிந்ததன் ஈரமும் தாரும் இறங்கியிருக்கும். நல்ல கலவை அங்கே இனிப்பை இழந்தாலும் கசக்கக் கூடாது. எங்களுடையது பெரும்பாலும் கசக்கவில்லை. ஐப்பசி மழையில் கசந்தது. அண்ணாச்சியின் வீட்டம்மாவுக்கோ வாசமே ஆகாது. புகைப்பவன் நாக்கில் தெரிவதும் அறையில் இருப்பவர் மூக்கில் ஏறுவதும் வேறு வேறு; அவர் சொன்னதுதான் நியாயம் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு ரசித்து எழுதுகிறவன் இதையும் சொல்லியாக வேண்டும். புகையிலை ஆளைக் கொல்லும். மெல்லுகிறவர்களின் கன்னத்தில் வெள்ளைத் தடிப்பு விழுந்து, வாய் திறக்க முடியாமல் போய், மதுரைக்கு ஆஸ்பத்திரிக்கு அலைந்த வாடிக்கையாளர்களைப் பெயரோடு எனக்குத் தெரியும். நெஞ்சுக்குள் இழுக்காவிட்டால் பைப்பும் சுருட்டும் ஒன்றும் செய்யாது என்று சொல்வது பொய். வாயும் தொண்டையும் உதடும் அந்தப் புகையில்தான் ஊறுகின்றன. 2003-ன் சட்டம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்கு விற்கக்கூடாது என்றது. அதற்கு முன்பே அப்பா பள்ளிக்கூடப் பையன்களைப் படியேற விட்டதில்லை. மகன் இந்த வியாபாரத்துக்கு வரவில்லை. வரச் சொல்லி நான் கேட்கவும் இல்லை.

வெளிநாட்டு டின்கள் தாராளமாக வரத் தொடங்கியபின் இளவட்டங்கள் சிலர் வனிலா, செர்ரி வாசமடித்த பைப் புகையிலையைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். பிரித்தவுடன் அறை மணக்கிறது. கையில் எடுத்தால் பிசுபிசுவென்று ஈரம். காயாமல் இருக்கச் சேர்த்த பொருள் விரலில் ஒட்டுகிறது. பற்றவைத்தால் மூன்று குச்சி, நான்கு குச்சி. இழுத்தால் வெந்நீர் ஆவி. வனிலா வாசம் பாதிக் கிண்ணத்துக்குள் போய்விடும், மிச்சத்துக்கு இலையே பேச வேண்டும்; பேசுவதற்கு அங்கே நல்ல இலை இல்லை. முகர்ந்து வாங்குகிறார்கள். ஊதுபத்தி முனையை ஒரு தரம் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வட்டக்கப்பல் போடுகிறவர்கள் இப்போது எங்கள் கொள்முதல் வட்டாரத்தில் அருகிவிட்டார்கள். மெல்லும் இலைக்கு விலை உண்டு, முருங்கைக்கும் மக்காச்சோளத்துக்கும் விலை உண்டு. சுருட்டு இலைக்காக நல்ல தண்ணீரை யாரும் ஒதுக்குவதில்லை. போன மாசி மாதம் வேடசந்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் அருமையான இலையைக் காட்டினார்கள். அகலம், வாளிப்பு, நரம்பு ஒன்றும் குறை சொல்ல முடியாது. கிணற்றடிக்குப் போய் ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் விட்டேன். கரித்தது. மெல்லுகிறதுக்கு நல்ல இலை என்று சொல்லி அதற்குண்டான விலையைப் பேசினேன். சம்சாரி சிரித்தபடி ஒத்துக்கொண்டார்.